ஆர்னட்டுக்கு ஜோடி யார்? 1900க்கு முந்தைய ஸ்காட்லாந்து லெவன்: வாட்சனா, வாலன்ஸா?

கிளைட்கரை:
1900க்கு முந்தைய ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர்களில் சிறந்த 11 பேரைத் தேர்ந்தெடுக்கும் நம் வாக்கெடுப்பில் இழுத்துக்கொண்டே போவது இரண்டாவது ஃபுல்பேக் (கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) இடம்தான். முதல் இடம் வால்டர் ஆர்னட்டுக்கு என்பதில் தகராறு இல்லை. 14 கேப் (நாட்டு அணிக்காக ஆடிய ஆட்டம்), அதில் 10 இங்கிலாந்துக்கு எதிராக, 1884 முதல் 1893 வரை ஓர் ஆண்டு விடாமல். அவருக்குப் பக்கத்தில் ரேஞ்சர்ஸ் கிளப்பின் டாம் வாலன்ஸ் என்கிறார் நம் உறுப்பினர் எண்கணக்கு. குயின்ஸ் பார்க் கிளப்பின் ஆண்ட்ரூ வாட்சன் என்பது என் கட்சி.

வாட்சனைக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக. 1856 மே 24இல் பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தவர். அப்பா பீட்டர் மில்லர் வாட்சன், ஸ்காட்லாந்துக் கரும்புத் தோட்ட முதலாளி. அம்மா ஹன்னா ரோஸ், அந்த மண்ணின் கறுப்பினப் பெண். படிப்பு ஹாலிஃபாக்ஸில், பிறகு லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளியில். 1875இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதமும் பொறியியலும் படிக்கச் சேர்ந்து, ஓராண்டில் விட்டுவிட்டார். மேக்ஸ்வெல், பார்க்குரோவ் கிளப்புகளில் ஆடி, 1880இல் அந்நாளைய முதன்மைக் கிளப்பான குயின்ஸ் பார்க்குக்கு வந்தார்.

ஸ்காட்லாந்துக்காக ஆடியது மூன்றே ஆட்டம். 1881 மார்ச் 12, லண்டன் ஓவல் மைதானம், கேப்டனாக: இங்கிலாந்தை 6-1. இரண்டே நாள் கழித்து ரெக்சமில் வேல்ஸை 5-1. 1882 மார்ச் 11, கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க்கில் இங்கிலாந்தை 5-1. மூன்றிலும் சேர்த்து அடித்தது 16, வாங்கியது 3. அந்த 6-1தான் இங்கிலாந்து தன் சொந்த மண்ணில் வாங்கிய மிகப் பெரிய அடி, இன்றுவரை.

“முதல் கறுப்பின சர்வதேச வீரர்” என்ற பட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, டிஃபெண்டராக மட்டும் பார்த்து ஓட்டுப் போடுங்கள். அப்போதும் ஜெயிப்பார்.

எண்கணக்கு:
பட்டத்தை ஓரமாக வைக்கலாம் என்று சொன்னதற்கு நன்றி. வைத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது மூன்று ஆட்டம்தான், கிளைட்கரை.

அதிலும் வேல்ஸைக் கழித்துவிடுங்கள். 1876 முதல் 1882 வரை ஸ்காட்லாந்து வேல்ஸை வருடா வருடம் என்ன செய்தது? 4-0, 2-0, 9-0, 3-0, 5-1, 5-1, 5-0. அந்த ஆட்டங்களில் பின்னால் யார் நின்றார் என்று கேட்பதே வீண். ஆக இரண்டு ஆட்டம்.

இங்கிலாந்துக் கணக்கும் அப்படித்தான். 1872 தொடங்கி 1887 வரை ஆண்டுக்கு ஒன்றாக 16 ஆட்டம். ஸ்காட்லாந்து தோற்றது 1873இலும் 1879இலும் மட்டுமே. 1878இல் 7-2 என்று வென்றபோது வாட்சன் பார்க்குரோவில் இருந்தார். அந்த ஆட்டத்தில் பின்னால் நின்றது வாலன்ஸ். ஒரு காலகட்டமே ஜெயித்துக்கொண்டிருந்தது. அதில் இரண்டு ஆட்டத்தைப் பொறுக்கி ஒருவர் கணக்கில் வரவு வைப்பது என்ன நியாயம்?

வாலன்ஸ்: 7 கேப், இங்கிலாந்துக்கு எதிராக 4 ஆட்டம், 3 வெற்றி. ரேஞ்சர்ஸை ஒரு பையன்கள் கூட்டமாக இருந்த நிலையிலிருந்து தூக்கி நிறுத்திய கேப்டன்.

புதுவரவு77:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதல் கறுப்பின வீரர் ஆர்தர் வார்ட்டன்தானே?

கிளைட்கரை:
இல்லை, புதுவரவு. வார்ட்டன் 1865இல் ஆக்ராவில் பிறந்தவர். தாஜ்மகால் ஆக்ரா இல்லை. இன்றைய கானாவின் தலைநகர். கோல்கீப்பர். 1886-87இல் பிரெஸ்டனுக்கு ஆடினார், 1889இல் ராதர்ஹாம் டவுனில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். சர்வதேச ஆட்டம் எதிலும் அவர் இல்லை. வாட்சன் கதை மங்கிக் கிடந்த நாளில் “முதல்வர்” பட்டம் வார்ட்டனுக்குப் போய்விட்டது.

வாட்சனுக்கும் முன்னோடி உண்டு. ராபர்ட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் 1876 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் தேர்ட் லானார்க் கிளப்புக்கு ஆடியிருக்கிறார். பார்க்குரோவில் இருவரும் ஒரே அணி. ஒரே நேரத்தில் இரண்டு கறுப்பின வீரர்கள் ஒரே கிளப்பில், 1870களில்! அதைத் தனி இழையில் பேசலாம்.

எண்கணக்குக்குப் பதில்: 1878இன் 7-2ஐச் சொன்னீர்கள், அடுத்த வருடத்தை ஏன் விட்டீர்கள்? 1879 ஓவல். இடைவேளையில் ஸ்காட்லாந்து 4-1 என்று முன்னணியில். முடிவு: இங்கிலாந்து 5, ஸ்காட்லாந்து 4. இரண்டாம் பாதியில் மட்டும் நாலு கோல் உள்ளே போயிருக்கிறது. பின்னால் நின்றது உங்கள் வாலன்ஸ். 1880இலும் ஸ்காட்லாந்து 4 வாங்கியது; 5 அடித்ததால் பிழைத்தது. இரண்டு வருடத்தில் 9 கோல். வாட்சன் வந்த இரண்டு வருடத்தில் 2. வாட்சன் போன அடுத்த வருடமே, 1883இல் ஷெஃபீல்டில், ஒரே ஆட்டத்தில் 2 (ஸ்காட்லாந்து 3-2 என்று வென்றது என்பது வேறு).

எண்கணக்கு:
சிரிப்பு வருகிறது. 1881 ஓவலில் வாட்சனோடு பின்னால் நின்ற இன்னொரு ஃபுல்பேக் யார் என்று சொல்லாமலே தாண்டிவிட்டீர்களே? வாலன்ஸ்! 1879இன் பழி முழுவதும் வாலன்ஸுக்கு, 1881இன் பெருமை முழுவதும் வாட்சனுக்கு. நல்ல கணக்கு.

1882இல் வாலன்ஸ் ஏன் இல்லை? தேயிலைத் தோட்ட வேலைக்கு அசாமுக்குக் கப்பலேறிவிட்டார். உடம்பு கெட்டுத் திரும்பி வந்தார். ஆட்டம் சரியில்லை என்று யாரும் அவரைக் கழற்றிவிடவில்லை.

மூன்றுபேர்விதி:
இரண்டு பேரும் கோல் எண்ணிக்கையிலேயே மல்லுக்கட்டுகிறீர்கள். 1881இல் ஃபுல்பேக் என்ன வேலை செய்தார் என்று முதலில் பார்ப்போம். இன்றைய ஃபுல்பேக்கை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டால் எல்லாம் தப்பாகும்.

ஸ்காட்லாந்து ஆடியது 2-2-6. கோல்கீப்பர், 2 பேக் (அதாவது ஃபுல்பேக்), 2 ஹாஃப்பேக் (நடுவரிசை), 6 ஃபார்வர்டு (முன்வரிசை). நடுவே நிற்க சென்டர் ஹாஃப் கிடையாது. ஹாஃப்பேக் மூவராகும் 2-3-5 பரவியது அதற்குப் பிறகு. மைதானத்தின் முழு அகலத்தையும் பின்னால் இரண்டே பேர் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து வலப்பக்கம் வந்தால் வலது பேக் எதிர்கொண்டு போவார், இடது பேக் உள்ளே நகர்ந்து கோலுக்கு நேராக வருவார். இடப்பக்கம் வந்தால் இதே மாறும். ஒருவர் ஓடத் தாமதித்தால் கோலுக்கு முன்னால் பெரிய வெற்றிடம்.

அடுத்தது ஆஃப்சைடு. பந்து உதைக்கப்படும் கணத்தில், முன்னே நிற்பவருக்கும் எதிரணிக் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் 3 பேர் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆஃப்சைடு. 1925இல்தான் இது 2 ஆனது. கீப்பரையும் இரண்டு பேக்கையும் கூட்டினால் சரியாக 3. அந்த இருவரில் ஒருவர் நாலு எட்டு முன்னே வந்துவிட்டால், அவரைத் தாண்டி நிற்கும் எதிரணி ஃபார்வர்டுகள் எல்லாரும் ஆஃப்சைடு. பாஸ் கொடுத்து ஆடும் அணியை இப்படி முடக்கலாம்.

இங்கிலாந்து ஃபார்வர்டுகளோ அந்த நாளில் பெரும்பாலும் பந்தைக் காலோடு கொண்டுபோகிறவர்கள். பந்தைத் தானே கொண்டுபோகிறவருக்கு ஆஃப்சைடு இல்லை. முன்னே ஏறிய பேக்கை அவர் ஒரு வெட்டு வெட்டித் தாண்டிவிட்டால், எதிரே மிஞ்சுவது ஒரு பேக், ஒரு கீப்பர். ஆகவே ஏறுகிற பேக் முதல் டேக்கிளிலேயே பந்தைப் பிடுங்க வேண்டும். தவறினால் திரும்பி ஓடிப் பிடிக்கும் கால்வேகம் வேண்டும். இரண்டும் இல்லாதவர் ஏறவே கூடாது.

இப்போது அந்தக் காலத்து ஸ்காட்டிஷ் கால்பந்து சங்கத்தின் ஆண்டு மலர் வாட்சனைப் பற்றிச் சொன்னதைப் பாருங்கள். நம்மிடம் உள்ள மிகச் சிறந்த பேக்குகளில் ஒருவர், பெரும் வேகம், அருமையான டேக்கிள், பலமும் குறியும் உள்ள உதை, எந்தப் பிரதிநிதி அணியிலும் இடம்பெறத் தகுந்தவர். சாரம் இதுதான். வேகம், டேக்கிள், உதை: அந்த விதிமுறையில் ஃபுல்பேக்குக்கு வேண்டிய மூன்றும் அதே வரிசையில் இருக்கின்றன.

எண்கணக்கு:
விளக்கம் அருமை, மூன்றுபேர்விதி. ஆனால் ஆண்டு மலர் என்பது சங்கம் தானே போட்ட புத்தகம். தான் தேர்ந்தெடுத்த கேப்டனை மட்டம் தட்டி எழுதுமா? வேகம் என்றால் வாலன்ஸும் சளைத்தவர் இல்லை. நீளம் தாண்டுதலில் ஸ்காட்லாந்து அளவில் பெயர் எடுத்த உடம்பு அது.

ஒரு சந்தேகம். “பலமும் குறியும் உள்ள உதை” என்பதற்கு என்ன அர்த்தம்? கண்ணை மூடி மேலே தூக்கி அடிப்பதா?

மூன்றுபேர்விதி:
தூக்கி அடிப்பதும் உண்டு; ஆனால் “குறி” என்ற பகுதிதான் முக்கியம். அந்தக் காலத்தில் கோல்கீப்பர் பந்தைக் கையில் பிடித்து நின்றால் தோளால் இடித்துக் கோலுக்குள் தள்ளலாம், அது சட்டப்படி சரி. பந்து கையில் இல்லாத கீப்பரை இடிக்கக்கூடத் தடையில்லை; 1890களின் தொடக்கத்தில்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதனால் கீப்பர்கள் பந்தைப் பிடிக்க மாட்டார்கள்; குத்தியோ உதைத்தோ தள்ளிவிடுவார்கள். அப்படி அரைகுறையாக விழும் பந்தை, நாலு பேர் மேலே விழும் நெரிசலில், முதல் தொடுதலிலேயே வெளியேற்ற வேண்டியவர் ஃபுல்பேக். பெனால்டியும் கிடையாது (1891இல் வந்தது), கோல் வலையும் கிடையாது. பந்து 27 முதல் 28 அங்குலச் சுற்றளவு, வாரால் இறுக்கிக் கட்டிய தோல். நனைந்தால் கனக்கும். அதை ஓடிக்கொண்டே அடித்து, தன் ஹாஃப்பேக்கின் காலிலோ ஓரத்து ஃபார்வர்டின் ஓட்டத்திலோ விழச் செய்வது சாதாரண வேலை இல்லை.

ஸ்காட்லாந்தின் பாஸ் ஆட்டத்துக்கு அங்கிருந்துதான் தொடக்கம். 1881இல் வாட்சனுக்கு முன்னால் ஹாஃப்பேக்காக நின்றவர் சார்லஸ் காம்பெல், குயின்ஸ் பார்க்கில் கூடவே ஆடுபவர். பேக்கிடமிருந்து பந்து எந்தப் பக்கம் வரும் என்று அவருக்குத் தெரியும். இந்த ஜோடிப் பழக்கத்துக்கு எண்ணிக்கைப் பட்டியலில் இடமில்லை.

கிளைட்கரை:
நன்றி, இதைத்தான் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

கோப்பைக் கணக்குக்கு வருவோம். வாட்சன் இருந்த குயின்ஸ் பார்க் 1881, 1882, 1886 என மூன்று முறை ஸ்காட்டிஷ் கோப்பை வென்றது. 1881 இறுதியில் டம்பார்ட்டனை 2-1 என்று வென்றார்கள், கூட்டம் மைதானத்துக்குள் வந்துவிட்டது என்று டம்பார்ட்டன் புகார் கொடுத்து மறு ஆட்டம் வாங்கியது, அதிலும் 3-1. 1882இல் மறுபடி டம்பார்ட்டன். முதல் ஆட்டம் மார்ச் 18, 2-2. அதாவது ஹாம்ப்டனில் இங்கிலாந்தை 5-1 என்று அடித்ததற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து. மறு ஆட்டம் 4-1. 1886இல் ரென்டனை 3-1.

வாலன்ஸ்? 1877 இறுதியில் வேல் ஆஃப் லெவன் கிளப்பிடம் மூன்று ஆட்டம் இழுத்துத் தோல்வி. 1879இல் அதே அணியுடன் 1-1. தங்கள் கோல் ஒன்றை மறுத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு ரேஞ்சர்ஸ் மறு ஆட்டத்துக்கே போகவில்லை. ரேஞ்சர்ஸ் முதல் கோப்பையைத் தொட்டது 1894இல்.

எண்கணக்கு:
குயின்ஸ் பார்க் வாட்சன் வருவதற்கு முன்பே 1874, 75, 76, 80 என்று நாலு கோப்பை வென்ற அணி. 1867இல் தொடங்கி 1875 வரை ஒரு கோல்கூட வாங்காத அணி என்று பெயர். அந்தப் பின்வரிசையில் யாரை நிறுத்தினாலும் பதக்கம் வந்திருக்கும். வாலன்ஸ் அந்த வசதி இல்லாத அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு இறுதிக்குக் கொண்டுபோனார். எனக்கு அது பெரிய விஷயம்.

தோட்டத்துக்கணக்கு:
மூன்று கேப் என்று எண்கணக்கு திரும்பத் திரும்பச் சொல்கிறார். மூன்றோடு ஏன் நின்றது என்பதை யாரும் தொடவில்லை. 1882இல் வாட்சன் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அந்த நாளில் ஸ்காட்டிஷ் சங்கம் ஸ்காட்லாந்துக் கிளப்பில் ஆடுகிறவர்களை மட்டுமே அணிக்கு எடுத்தது. 1896இல்தான் இந்தப் பிடிவாதம் தளர்ந்தது. லண்டன் போனபோது வாட்சனுக்கு வயது 26, ஒரு பேக்குக்கு நல்ல பருவம். அவருக்கு வாசல் மூடியது ஒரு விதி.

1885இல் இங்கிலாந்து சம்பள ஆட்டத்தை அனுமதித்த பிறகு தெற்கே போன ஸ்காட்லாந்து வீரர்கள் எத்தனையோ பேருக்கு இதே கதிதான். நல்ல ஆட்டக்காரர்களின் கேப் எண்ணிக்கை கையளவில் நின்றதற்குக் காரணம் இந்தச் சங்க விதி. அந்தக் காலத்து வீரரைக் கேப் எண்ணி எடைபோடுவது, அதுவும் இடம்பெயர்ந்தவரை எடைபோடுவது, அடிப்படையே கோணல்.

லண்டனில் அவர் சும்மாவும் இருக்கவில்லை. ஸ்விஃப்ட்ஸ் கிளப்புக்காக எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துச் சங்கத்தின் கோப்பை) ஆடினார். பிறகு கொரிந்தியன்ஸ் அழைத்தது. அந்தக் கிளப் பிறந்த காரணத்தைப் பாருங்கள். வருடா வருடம் ஸ்காட்லாந்திடம் உதை வாங்குகிறோமே, நம் ஆட்கள் சேர்ந்து ஆடிப் பழகுவதில்லையே என்று என்.எல். ஜாக்சன் 1882இல் தொடங்கியது. இங்கிலாந்தை 6-1, 5-1 என்று அடித்த அணியின் ஃபுல்பேக்கையே கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்கள். 1884 டிசம்பரில் கோப்பை வைத்திருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை கொரிந்தியன்ஸ் 8-1 என்று வென்றபோது பின்னால் வாட்சன். எதிரி முகாம் கொடுக்கும் சான்றிதழைவிடப் பெரியது எது?

எண்கணக்கு:
அது நட்பு ஆட்டம். கோப்பை ஆட்டம் இல்லை. கொரிந்தியன்ஸ் கோப்பைப் போட்டிகளில் சேர்வதே இல்லை என்று வைத்திருந்த கிளப்.

1886இல் வாட்சன் மறுபடி குயின்ஸ் பார்க்கில், கோப்பை வென்ற அணியில். ஸ்காட்லாந்துக் கிளப் ஆள்தானே அப்போது? மார்ச்சில் இங்கிலாந்து ஆட்டம். ஏன் கூப்பிடவில்லை? விதி காரணம் இல்லையே.

தோட்டத்துக்கணக்கு:
30ஐத் தொடப்போகிற வயது, எண்கணக்கு. அதே கிளப்பில் ஆர்னட் 3 வருடமாக ஊன்றி நிற்கிறார். 1886இல் எடுக்காததை வைத்து 1881-82 ஆட்டத்தை எடைபோட முடியாது. என் கேள்வி 1883, 84, 85 பற்றியது. அந்த மூன்று வருடமும் அவர் பெயர் குழுவின் மேசைக்கே வரமுடியாத நிலை.

புதுவரவு77:
ஒரு வரி எங்கோ படித்தேன். பத்திரிகைக்காரர்கள் அவர் நிறத்தைக் கவனிக்கவே இல்லை, பழுப்பு நிற பூட்ஸ் போட்டிருந்ததைத்தான் எழுதினார்கள் என்று. அந்த நாளில் எல்லாரும் கறுப்பு பூட்ஸாம். அப்படியானால் பாகுபாடே இல்லையா?

தோட்டத்துக்கணக்கு:
அந்தப் பூட்ஸ் வரியை வைத்து “விக்டோரியா காலத்து ஸ்காட்லாந்து நிறம் பார்க்கவில்லை” என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். ஒரு ஜோடி பூட்ஸ் தாங்கும் பாரம் இல்லை அது.

அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பாருங்கள். அப்பா 1869இல் இறந்தபோது சொத்து வந்தது. கிளாஸ்கோவில் மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் பங்குதாரர். நல்ல பள்ளி, நல்ல உச்சரிப்பு. குயின்ஸ் பார்க் சம்பளமே கொடுக்காத அமெச்சூர் கிளப். 2019 வரை அந்த வைராக்கியத்தை விடவில்லை. ஓய்வும் காசும் உள்ளவர்களுக்குத் தோதான இடம். அந்த வட்டத்துக்குள் வர்க்கம் அவருக்கு வழி விட்டது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது? டெமராராக் கரும்பு. அடிமைமுறை ஒழிந்தபோது தோட்ட முதலாளிகளுக்குத்தான் நஷ்டஈடு கிடைத்தது, உழைத்தவர்களுக்கு இல்லை. 1840களிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக நம் ஆட்களையும் ஒப்பந்தக் கூலியாக அதே டெமராராவுக்குத்தான் ஏற்றினார்கள்.

நெறியாளர்:
கடைசி விஷயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம். இங்கே ஃபுல்பேக் மட்டும்.

கிளைட்கரை:
இன்னொன்று சேர்க்கிறேன். 1881 நவம்பரில் குயின்ஸ் பார்க் அவரைச் செயலாளராக்கியது. அன்று லீக் கிடையாது. ஸ்காட்டிஷ் லீக் வந்தது 1890இல். பருவம் முழுவதற்கும் எதிரணிகளைக் கடிதம் எழுதிப் பிடிக்க வேண்டும், தேதி, மைதானம், ரயில் எல்லாம் பேசி முடிக்க வேண்டும், யார் விதிப்படி ஆடுவது என்பதையும் சேர்த்து. ஏனென்றால் 1882 டிசம்பரில் மான்செஸ்டரில் நாலு நாட்டுச் சங்கங்களும் கூடி ஒரே விதிக்கு வரும்வரை, பந்தை ஓரத்திலிருந்து எறிவதில்கூட இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தகராறு. பார்க்குரோவிலும் இதே வேலையைப் பார்த்தவர்.

எண்கணக்கு:
நல்ல செயலாளர். ஃபுல்பேக் ஓட்டுக்கு அதில் என்ன இருக்கிறது? வாலன்ஸ் பிறகு ரேஞ்சர்ஸ் தலைவரே ஆனார். ஓவியரும்கூட. அதற்கெல்லாம் நான் ஓட்டுக் கேட்கிறேனா?

அரைகுறைநடுவர்:
வாட்சன் ஆஸ்திரேலியா போய்ச் செத்துப்போனார் என்று கேள்வி. பாதியில் விட்டுப்போன ஆள்தானே?

கிளைட்கரை:
ஆஸ்திரேலியாக் கதை பல காலம் ஓடியது, பொய். அவர் லிவர்பூல் பக்கம் போய்க் கப்பல் பொறியாளராகத் தேர்வு எழுதி, கடலில் வேலை பார்த்து, லண்டன் கியூ பகுதியில் ஓய்வுக்காலத்தைக் கழித்தார். 1921 மார்ச் 8இல் நிமோனியாவில் இறந்தார். கல்லறை ரிச்மண்டில் இருக்கிறது, 2021இல் சீர்செய்தார்கள். 2012இல் ஸ்காட்டிஷ் கால்பந்துப் புகழரங்கில் சேர்த்துவிட்டார்கள். பாதியில் விட்டுப்போகவும் இல்லை. 1887இல் பூட்டில் கிளப்புக்கு ஆடினார், வயது 31.

அரைகுறைநடுவர்:
பூட்டில் சம்பளம் கொடுத்த கிளப் ஆயிற்றே. அப்படியானால் முதல் கறுப்பின புரொஃபஷனலும் இவர்தான், வார்ட்டன் இல்லை!

எண்கணக்கு:
அவ்வளவு சீக்கிரம் தாவாதீர்கள். பூட்டில் சிலருக்குப் பணம் கொடுத்தது என்பது ஒன்று, வாட்சனுக்குக் கொடுத்தது என்பது வேறு. கணக்குப் புத்தகத்தில் பெயரைக் காட்டாமல் பட்டத்தை மாற்ற முடியாது. 1889 ராதர்ஹாம் வார்ட்டனுக்குத் தெளிவாக இருக்கிறது.

மூன்றுபேர்விதி:
இதில் எண்கணக்கு பக்கம் நான். ஒரு விவரம் கூடுதலாக. 1885இல் சம்பளத்தை அனுமதித்தபோதே இங்கிலாந்துச் சங்கம் ஒரு முடிச்சுப் போட்டது. சம்பள வீரர் கோப்பை ஆட்டத்தில் இறங்க வேண்டுமானால், கிளப் மைதானத்துக்கு 6 மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும் அல்லது 2 வருடம் குடியிருந்திருக்க வேண்டும். ஆகவே புதிதாக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கோப்பை ஆட்டத்தில் ஆடினாரா, வெளியே உட்கார்ந்தாரா என்று பார்த்தால் கொஞ்சம் துப்புக் கிடைக்கும். துப்புதான், சாட்சி ஆகாது. காயம், வேலை, கப்பல் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். சொந்தத் தொழில் தெரிந்த பொறியாளர் கையில் பணம் வாங்கினாரா என்பது கிளப்பின் ரசீதில்தான் தெரியும்.

புதுவரவு77:
எனக்கு ஆர்னட் – வாட்சன் ஜோடி ஒத்துப்போகுமா என்பதே சந்தேகம். இருவருமே வலது பேக் இல்லையா?

மூன்றுபேர்விதி:
ஆர்னட் வலது. வாட்சன் இரண்டு பக்கமும் ஆடியவர். அவரை இடது பக்கம் போட்டால் சிக்கல் இல்லை.

யார் ஏறுவது, யார் தங்குவது என்பதுதான் உண்மையான கேள்வி. என் கணக்கில் வாட்சன் ஏற வேண்டும். தப்பினால் திரும்பி ஓடிப் பிடிக்கும் வேகம் அவருக்கு எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஆர்னட் தங்கி, கீப்பருக்குக் காவலாக நின்று, கீப்பர் தள்ளிவிடும் பந்தை வெளியேற்றட்டும். ஒரே நிபந்தனை: இருவரும் ஒரே கோட்டில் ஏறக் கூடாது. ஏறினால், பந்தோடு வரும் ஓர் ஆள் இருவருக்கும் நடுவே புகுந்தார் என்றால் கீப்பர் தனியாள். 1879இன் இரண்டாம் பாதி மறுபடி வரும்.

வாலன்ஸ் – ஆர்னட் ஜோடியும் மோசமில்லை. ஆனால் குயின்ஸ் பார்க் பேக்குகள் இருவரையும் போட்டு, முன்னால் அதே கிளப்பின் காம்பெலையும் வைத்தால், பந்து வெளியேறும் வழி பழகிய வழியாக இருக்கும்.

எண்கணக்கு:
ஆர்னட்டை இவ்வளவு நம்புகிறீர்களே, அவருடைய 10 இங்கிலாந்து ஆட்டத்தில் ஸ்காட்லாந்து வாங்கியது 23 கோல். 1888இல் ஹாம்ப்டனிலேயே 5-0. கோல் கணக்கில் வாட்சனைத் தூக்கிப் பிடித்தவர்கள் அதே கணக்கில் ஆர்னட்டைக் கீழே இறக்க வேண்டாமா?

தோட்டத்துக்கணக்கு:
அந்த 23இல் முதல் 4 ஆட்டத்துக்கு 4 தான். 1888க்குப் பிறகு எதிரே நின்றது லீக் ஆடிச் சம்பளம் வாங்கும் இங்கிலாந்து; ஸ்காட்லாந்துத் தேர்வுக் குழுவோ தன் சம்பள வீரர்களை எல்லைக்கு வெளியே நிறுத்தி வைத்துக்கொண்டு ஆடியது. மறுபடி அதே விதிதான்.

எண்கணக்கு:
சரி, அந்த விதியைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். கேப் எண்ணிக்கையை இனி நான் எடுக்கவில்லை. ஆனால் 1881இன் பெருமையில் பாதி வாலன்ஸுக்கு என்பதை யாரும் மறுக்கவில்லை. 1882இல் அவர் அசாமில் இருந்ததால் ஒப்பிட வழியே இல்லை. என் ஓட்டு வாலன்ஸுக்கே.

கிளைட்கரை:
1882 இருக்கிறதே! வாலன்ஸ் இல்லாமல், வேல் ஆஃப் லெவனின் மெக்கின்டயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே ஒரு கோல். இணை மாறியும் எண் மாறவில்லை. ஒப்பிட வழி அதுதான்.

நெறியாளர்:
ஃபுல்பேக் வாக்கு ஞாயிறு இரவு மூடப்படும். ஹாஃப்பேக் இழை திறந்தாயிற்று. காம்பெலுக்கு ஜோடி யார் என்பதை அங்கே தொடருங்கள். பூட்டில் ரசீது விவகாரத்தையும் ஆவணப் பிரிவுக்கு மாற்றுகிறேன்.